இல்லத்தில் இருப்பவருக்கும் உரிமை உண்டு



ஆரியங்கோடு எல்லைக்குப் பக்கத்து ஊர். இங்கே நெய்யாறு ஓடுகிறது. வெள்ளறடை தாண்டிப் பனச்சமூடு போனால் தமிழ்நாடு. பாறசாலை தாண்டினால் களியக்காவிளை. அதுவும் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த எல்லைக் கோடு விழுந்தது. விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போனது. நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கம் நின்றது. ஆனால் சொந்தபந்தம் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. அக்காள் இங்கே இருப்பாள், தங்கை மார்த்தாண்டத்தில் இருப்பாள். அம்மா இங்கே இருப்பாள், மகன் நாகர்கோவிலில் வேலை பார்ப்பான்.

இப்போது பிள்ளைகள் இன்னும் தூரம் போகிறார்கள். மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறான். மகள் நர்ஸ் படிப்புப் படித்து வெளிநாடு போயிருக்கிறாள். அங்கே அந்த ஊர்க் கிழவிகளைக் குளிப்பாட்டுகிறாள், சோறூட்டுகிறாள், மருந்து கொடுக்கிறாள். மதிப்பான வேலை. ஆனால் இங்கே அவளுடைய அம்மாவைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. இதை யார் மேலும் குற்றமாகச் சொல்ல வேண்டாம். பல வீடுகளின் நிலைமை அப்படி இருக்கிறது.

அதனால்தான் இல்லங்கள் வந்தன. முதியோருக்கு இல்லம் உண்டு. மனநோய் உள்ளவர்களுக்கு உண்டு. உடல் ஊனம் உள்ளவர்களுக்கும் உண்டு. சிலவற்றை அரசு நடத்துகிறது. திருவனந்தபுரம் புலயனார்கோட்டையில் அரசு முதியோர் இல்லம் இருக்கிறது. சிலவற்றைத் தர்ம ஸ்தாபனங்கள் நடத்துகின்றன. சிலவற்றில் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனவர் நாலு நாளில் வீடு திரும்புவார். இல்லத்துக்குப் போனவர் வருஷக்கணக்கில் அங்கேயே இருப்பார். அதுதான் அவருக்கு வீடு.

அந்த வீட்டில் அவருக்கு என்ன உரிமை? அவர் பத்திரமாக இருக்கிறாரா என்று யார் பார்ப்பது? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு துயரமான சம்பவம். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெயர் பெற்ற தர்கா உண்டு. அங்கே தங்கினால் மனநோய் தீரும் என்று நம்பி எல்லா மதத்தாரும் வருவார்கள். கேரளத்திலிருந்தும் போவார்கள். இப்படி வந்த நோயாளிகளை வைத்துக்கொள்ள அந்த ஊரில் தனியார் விடுதிகள் பல தோன்றின. குடும்பத்தார் பணம் கட்டி, நோயாளியை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அந்த விடுதிகளில் ஒன்று மொய்தீன் பாதுஷா மனநல இல்லம். அது ஒரு கீற்றுக் கொட்டகை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, விடியற்காலையில் அதில் தீப்பிடித்தது. உள்ளே 45 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். சங்கிலி கொஞ்சம் தளர்வாக இருந்தவர்கள் எப்படியோ தப்பினார்கள். மற்றவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 25 பேர் செத்தார்கள் என்று முதலில் சொன்னார்கள். பிறகு எண்ணிக்கை 28 ஆனது. எந்த உடல் யாருடையது என்று அடையாளம் காண முடியவில்லை.

ஏன் சங்கிலி போட்டார்கள்? கேட்டால் ஒரே பதில்தான் வரும். "அவிழ்த்துவிட்டால் ஓடிவிடுவார்கள். வண்டியில் அடிபடுவார்கள். பத்திரத்துக்காகத்தான் கட்டினோம்."

இந்தப் 'பத்திரம்' என்ற சொல்லை நன்றாக யோசித்துப் பாருங்கள். சங்கிலி போட்டால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம். சம்பளம் மிச்சம். இரவில் நடத்துபவர் நிம்மதியாகத் தூங்கலாம். அது நடத்துபவருக்கு வசதி. தீ வந்த அன்று அதே சங்கிலி 28 பேரைக் கொன்றது. ஒருவரை அசையாமல் வைப்பது வேறு. பத்திரமாக வைப்பது வேறு. பத்திரமாக வைக்க ஆள் வேண்டும். கண் விழித்திருக்கும் ஆள் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சங்கிலி ரகசியமாக இருக்கவில்லை. ஏர்வாடிக்குப் போனவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்து அது பழகிப்போனது. "மனநோய்க்காரர்களை அப்படித்தான் வைப்பார்கள்" என்று நினைத்துக்கொண்டார்கள்.

தீக்குப் பிறகுதான் எல்லாம் நடந்தது. ஆகஸ்ட் 13-ஆம் தேதி அந்த மாதிரி விடுதிகள் எல்லாம் மூடப்பட்டன. 500-க்கு மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. என்.ராமதாஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்தது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் யாரும் வழக்குப் போடாமலே தானாக இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. சங்கிலி போடுவது சட்டவிரோதம் என்று கிராமம் கிராமமாகச் சொல்ல வேண்டும் என்று 2002-ல் உத்தரவிட்டது. மனநோய் உள்ளவரை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றும் எடுத்துச் சொல்லச் சொன்னது. 2007-ல் அந்த இல்லத்தின் உரிமையாளருக்கும், அவர் மனைவிக்கும், உறவினர் இருவருக்கும் 7 வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது.

இன்று சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தது. அதன் 95-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. சின்னச் சின்ன விஷயங்களையும் அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை. வற்புறுத்தி மொட்டை அடிக்கக் கூடாது. அவர் விரும்பினால் தன் சொந்த உடுப்பையே உடுத்தலாம். கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. விரும்பி வேலை செய்தால் கூலி கொடுக்க வேண்டும். பார்க்க வருகிறவரைப் பார்க்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். போனில் பேசலாம். சிகிச்சையைப் பற்றி அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். குறை இருந்தால் புகார் சொல்லலாம்.

மொட்டை அடிப்பதும் உடுப்பும் சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். ஒரு பெண்ணின் தலைமுடியை அவள் சம்மதம் இல்லாமல் எடுத்துவிட்டு, எல்லாருக்கும் போடும் ஒரே நீளச் சட்டையை மாட்டிவிட்டால் என்ன ஆகும்? கண்ணாடியில் அவளுக்கே அவளைத் தெரியாது.

வெளிநாடுகளிலும் இந்தப் பிரச்சினை உண்டு. அமெரிக்காவில் முதியோர் இல்லங்கள் ஏராளம். அங்கேயும் கொடுமைகள் நடந்தன. 1972-ல் ஒரு புது ஏற்பாட்டைச் சில இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். இல்லத்தில் இருப்பவர் பக்கம் நின்று பேசுவதற்கென்றே ஒருவரை நியமித்தார்கள். அவர் இல்லத்தின் ஆள் அல்ல. 1978-ல் ஒவ்வொரு மாநிலத்திலும் அப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அவருக்கு உதவியாகப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் இல்லங்களுக்குப் போகிறார்கள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

1987-ல் அங்கே இன்னொரு சட்டம் வந்தது. தண்டிப்பதற்காகவோ ஊழியரின் வசதிக்காகவோ யாரையும் கட்டிப்போடக் கூடாது என்று சொன்னது. மருந்து கொடுத்து மயக்கி வைக்கவும் கூடாது என்றது. இது முக்கியம். இரும்புச் சங்கிலி கண்ணுக்குத் தெரியும். மாத்திரைச் சங்கிலி தெரியாது. எப்போது போனாலும் அம்மா தூங்கிக்கொண்டே இருந்தால், "என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள்? எந்த டாக்டர் எழுதினார்? சீட்டைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும்.

இனி நம் பக்கத்துச் சம்பவம் ஒன்று. விழுப்புரம் மாவட்டத்தில் குண்டலப்புலியூர் என்ற ஊரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்ற இல்லம் இருந்தது. அதில் ஒரு முதியவரைச் சேர்த்திருந்தார்கள். உறவினர் பிறகு அவரைப் பார்க்க வந்தபோது முதியவர் அங்கே இல்லை. பெங்களூருவில் உள்ள ஓர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கே போய்த் தேடினார்கள். அங்கேயும் அவர் இல்லை. உறவினர் தரப்பு விடவில்லை. "ஆளைக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். இதை ஆட்கொணர்வு மனு என்பார்கள். அதன் பிறகு 2023 பிப்ரவரியில் போலீசாரும் அதிகாரிகளும் அந்த இல்லத்துக்குள் போனார்கள். உள்ளே 140-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இல்லத்துக்கு முறையான உரிமம் இல்லை என்று தெரிந்தது. அங்கிருந்தவர்களை அரசு வெளியே கொண்டுவந்தது. நடத்தியவர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசுக்குப் போனது.

ஒரு முதியவரைக் காணோம் என்று ஒரு குடும்பம் கேட்டது. அந்த ஒரு கேள்விக்காகக் கதவு திறந்தது. திறந்தபோது கேட்க ஆள் இல்லாத நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள்.

எல்லா இல்லங்களும் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல இல்லங்கள் இருக்கின்றன. குறைந்த சம்பளத்துக்கு இரவும் பகலும் பாடுபடும் ஆயாக்கள் இருக்கிறார்கள். ஓர் ஆயா இரவில் முப்பது பேரைத் தனியாகப் பார்த்துக்கொள்ள நேர்ந்தால், தவறு அந்த ஆயாவுடையது அல்ல. ஆள் வைக்காதவருடையது. நல்ல இல்லம் நடத்துபவர் கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார். "வாருங்கள், பாருங்கள்" என்பார். வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புகிற இல்லம் என்றால் ஒரு சந்தேகம் வைத்துக்கொள்ளலாம்.

பார்க்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? ஒரு பெண் தன் சித்தியைப் பார்க்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிப் போகிறாள். பக்கத்தில் மேற்பார்வையாளர் நிற்கிறார். "சித்தி, எப்படி இருக்கிய? சாப்பாடெல்லாம் சரியா தாறாங்களா?" என்று கேட்கிறாள்.

"ஒரு குறையும் இல்ல மக்களே" என்கிறாள் சித்தி. சொல்லும்போது அவள் கண் மேற்பார்வையாளர் பக்கம் போகிறது.

அந்தக் கண்ணைத்தான் கவனிக்க வேண்டும். தனியாகப் பேச அஞ்சு நிமிஷம் கேட்க வேண்டும். வெளித் திண்ணையில் உட்காரவைத்துப் பேசலாம். கையைப் பிடித்துப் பேசலாம். பிடிக்கும்போது மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளலாம். கட்டிய தழும்பு இருந்தால் தெரியும். நகம் வெட்டியிருக்கிறதா, தலை வாரியிருக்கிறதா, வாய் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கட்டிலில் படுத்தவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். சில இடங்களில் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். படுக்கையை நனைத்துவிடுவார் என்று பயம். தண்ணீர் குறைந்தால் முதியவருக்கு மூத்திரம் காந்தும், மலம் கட்டும், புத்தி தடுமாறும். அப்புறம் "கிழவிக்கு வயசாகிவிட்டது, உளறுகிறாள்" என்பார்கள்.

படுத்தே கிடப்பவர் என்றால் படுக்கைப் புண் வரலாம். முதுகின் கீழ்ப்பக்கம், இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் வரும். முதலில் தோல் சிவக்கும். கறுத்த உடம்பில் சிவப்பு தெரியாது, அந்த இடம் இன்னும் கறுத்துத் தெரியும். விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்த நிறம் மாறாது. அந்த நிலையில் கவனித்தால் ஆறும். விட்டுவிட்டால் குழியாகும், சீழ் பிடிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் படுக்க வைப்பது வழக்கமான முறை. "ராத்திரி யார் திருப்பிப் போடுகிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் ராத்திரியில் யாரும் திருப்புவதில்லை என்று அர்த்தம்.

பிறகு கழிப்பறை. கட்டிலிலிருந்து அது எவ்வளவு தூரம்? பிடித்து நடக்கக் கம்பி உண்டா? இரவில் விளக்கு எரியுமா? வயதானவர் விழுந்து இடுப்பு ஒடிவது பெரும்பாலும் இந்த வழியில்தான். குளிப்பாட்டும்போது மறைப்பு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். எழுபது வயது ஆனாலும் பெண்ணுக்கு மானம் பெரிது. ஆணுக்கும் அப்படித்தான்.

கடைசியாகக் கதவு. மறதி நோய் உள்ளவர்கள் தெரியாமல் வெளியே நடந்துவிடுவார்கள். அதனால் கதவைப் பூட்டி வைக்க வேண்டி வரலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால் சாவி யார் கையில் இருக்கிறது? இரவில் அவர் எங்கே தூங்குகிறார்? தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேற்றுவார்கள்? இரண்டாவது வாசல் உண்டா, அதன் முன்னால் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறார்களா? ஏர்வாடியை நினைத்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டும்.

எல்லைப் பக்கத்து மக்களுக்கு மொழி ஒரு தனிக் கஷ்டம். தமிழ் மட்டும் பேசும் பாட்டி கேரளத்து இல்லத்தில் இருப்பாள். மலையாளம் மட்டும் பேசும் அப்பூப்பன் கன்னியாகுமரி மாவட்டத்து இல்லத்தில் இருப்பார். இந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு மொழியும் பேசுவார்கள். ஆனால் ஆயா வேறு மாநிலத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். மறதி நோய் வந்தவருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் மறந்துபோவதும் உண்டு. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஓர் அட்டை எடுங்கள். பெரிய எழுத்தில் தண்ணீர், வலி, குளிர், கழிப்பறை, மகளைக் கூப்பிடு என்று எழுதுங்கள். பக்கத்தில் அதையே மலையாளத்தில் எழுதுங்கள். சின்னப் படமும் வரையலாம். கட்டிலில் தொங்கவிடுங்கள். பாட்டி விரலால் தொட்டுக் காட்டினால் போதும். படிக்கக் கற்ற யாரும் இதைச் செய்து கொடுக்கலாம்.

சொத்து விஷயத்தையும் சொல்ல வேண்டும். இல்லத்தில் சேர்க்கும்போது பென்ஷன் புத்தகம், ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, ஏ.டி.எம். அட்டை எல்லாவற்றையும் சிலர் கேட்பார்கள். நகல் கொடுத்தால் போதும். அசலை நம்பிக்கையான உறவினர் வைத்துக்கொள்ள வேண்டும். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்கக் கூடாது. கைநாட்டு வைத்து வீடு போனவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. இப்போது படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். பெரியவர் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டுங்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. 60 வயதானவர்களுக்கு இது பாதுகாப்பு. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வழி இல்லாதவர், பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை கேட்டு மனுப் போடலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்துக்கு வாரிசாக வரும் உறவினரிடம் கேட்கலாம். பார்த்துக்கொள்வாய் என்ற நிபந்தனையோடு நிலத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், அந்த எழுத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது நல்லது. வாய்ச்சொல்லை நம்பினால் பின்னால் இழுபறி. முதியவரை ஓரிடத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது குற்றம். அதற்கு மூன்று மாதம் சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

மனுவைக் கேட்கும் மன்றத்துக்கு ஆர்.டி.ஓ. போன்ற அதிகாரி தலைமை வகிப்பார். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. எழுந்து போக முடியாதவருக்காக அவர் அனுமதித்த இன்னொருவர் மனுக் கொடுக்கலாம். எல்லைப் பக்கத்து மக்களுக்கு ஒரு வசதியும் உண்டு. அம்மா இருக்கும் மாவட்டத்திலும் போடலாம். அம்மா கடைசியாக இருந்த மாவட்டத்திலும் போடலாம். மகன் இருக்கும் மாவட்டத்திலும் போடலாம். அம்மா ஆரியங்கோட்டில், மகன் மார்த்தாண்டத்தில் என்றால், அம்மா தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டாம். இங்கேயே கொடுக்கலாம்.

இல்லத்தின் மேல் புகார் என்றால் யாரிடம் போவது? கேரளத்தில் அநாதை இல்லங்களையும் தர்ம இல்லங்களையும் மேற்பார்வை பார்க்க ஒரு வாரியம் இருக்கிறது. சமூக நீதித் துறையின் மாவட்ட அதிகாரி இருக்கிறார். கலெக்டர் இருக்கிறார். மூத்த குடிமக்களுக்கு 14567 என்ற இலவச போன் எண் 2021 முதல் நாடு முழுவதும் உண்டு. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். 2025-ல் கேரள சட்டசபை முதியோர் கமிஷனுக்கென்று தனிச் சட்டம் நிறைவேற்றியது. ஊனமுற்றவரை யாராவது கொடுமை செய்கிறார்கள் என்று தெரிந்தால், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டியது இல்லை. தேசிய மனித உரிமைக் கமிஷனுக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது. ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும். அடி, சங்கிலி, உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்க வேண்டாம். உடனே 112-க்குப் போன் செய்ய வேண்டும்.

உயிருக்கு ஆபத்து இல்லாத விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். அமெரிக்கத் தொண்டர்கள் இதைக் கவனமாகக் கடைப்பிடிக்கிறார்கள். இல்லத்தில் இருப்பவரின் சம்மதம் கேட்காமல் அவர் சொன்னதை வெளியே சொல்ல மாட்டார்கள். முன்னே சொன்ன பெண்ணும் அப்படித்தான் கேட்க வேண்டும். "சித்தி, இதை எழுதிப் போடட்டா?"

"வேண்டாம் மக்களே. எழுதினா என்னை வெளிய தள்ளிருவாங்க. பொறவு நான் எங்க போவேன்?"

இந்தப் பயம் நியாயமான பயம். புகார் கொடுத்தவள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவாள். சித்தி அன்றைக்கு இரவும் அங்கேதான் தூங்க வேண்டும். அதனால் அவசரப்பட்டுச் சண்டை போட வேண்டாம். முதலில் சித்திக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவளுக்கு வேண்டியது சூடான கஞ்சியாக இருக்கலாம். ஜன்னல் பக்கத்துக் கட்டிலாக இருக்கலாம். அதை நடத்துபவரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். சில குறைகள் அதிலேயே தீரும். தீராவிட்டால், சித்தி போய் இருக்க வேறு இடம் பார்த்துவைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சொந்தமே இல்லாதவரை யார் பார்ப்பது? குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. மாதம் இரண்டு பேர் முறை வைத்துப் பக்கத்து இல்லத்துக்குப் போகலாம். ஒவ்வொரு முறையும் வேறு நாள், வேறு நேரம் போவது நல்லது. நினைவு நாளுக்கும் பிறந்த நாளுக்கும் சோறு போடப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இலை போட்டு, படம் எடுத்து, திரும்பிவிடுகிறார்கள். சோறு போட்ட பிறகு ஒரு மணி நேரம் கட்டில் ஓரமாக உட்கார்ந்தால் அந்தச் சோற்றைவிடப் பெரிய உபகாரம். 2020-ல் கொரோனா வந்தபோது பல நாடுகளில் இல்லங்களின் கதவைச் சாத்தினார்கள். பிள்ளைகள் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்தார்கள். பார்க்க வருகிறவரின் அருமை அப்போது தெரிந்தது.

வீட்டிலேயே படுத்திருப்பவரையும் மறக்க வேண்டாம். பின்கட்டு அறையும் சில வேளை பூட்டிய இல்லம்தான். கேரளத்தில் 2008 முதல் பாலியேட்டிவ் நர்ஸ்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்களை உள்ளே விடுங்கள். பாட்டியிடம் தனியாகப் பேசவும் விடுங்கள்.

இனி மனு எழுதுவது எப்படி என்று பார்க்கலாம். நம் அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு ஒரு உரிமை தருகிறது. மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கலாம். ஆகவே தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். ஒரு தாள் போதும். பெரிய வார்த்தைகள் வேண்டாம். "கொடுமை நடக்கிறது, நடவடிக்கை எடுங்கள்" என்று மட்டும் எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. கண்டதை எழுத வேண்டும். இப்படி எழுதலாம்:

"என் சித்திக்கு 74 வயது. இந்த இல்லத்தில் இரண்டு வருஷமாக இருக்கிறார். இந்த மாதம் 3-ஆம் தேதி மாலை 4 மணிக்குப் பார்க்கப் போனேன். இடது குதிகாலில் புண் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் இல்லை. என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். சீட்டைக் காட்டவில்லை. டாக்டர் வந்து பார்க்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து விசாரிக்க வேண்டும். சித்தியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்."

கீழே தேதி, பெயர், விலாசம், போன் எண், கையெழுத்து. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் ஆபீஸ் முத்திரை வாங்குங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் ரசீதை நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். 15 நாள் கழித்து அந்த ரசீதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய், மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று கேளுங்கள்.